காருக்குள் நாம் சுவாசிக்கும் காற்று: ஏ.சி. ஃபில்டரை வீட்டிலேயே மாற்றப் பயனுள்ள குறிப்புகள்

காரில் ஆயில் ஃபில்டர், பெட்ரோல் அல்லது டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் என்று மூன்று வடிகட்டிகள் இன்ஜினுக்காக இருக்கின்றன. நான்காவதாக ஒன்று உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் நுரையீரலுக்காக இருக்கிறது. முதல் மூன்றையும் சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் விசாரிக்கிறோம். நான்காவதைப் பலர் கண்ணால் பார்த்ததே இல்லை. கேபின் ஃபில்டர் என்று கையேட்டிலும், ஏ.சி. ஃபில்டர் என்று கடையிலும் சொல்லப்படும் அந்த மடிப்பு மடிப்பான அட்டையை மாற்ற மெக்கானிக் தேவையில்லை. பெரும்பாலான கார்களில் கால் மணி நேர வேலைதான். குழந்தைகளையும் வயதானவர்களையும் காரில் அழைத்துப் போகும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

1. நம் ஊர்க் கார்களில் இந்த ஃபில்டர் பெரும்பாலும் இடதுபக்க முன் இருக்கைக்கு எதிரே, ஆர்.சி. புத்தகமும் இன்சூரன்ஸ் தாளும் வைக்கும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். சில கார்களில் கிளவ் பாக்ஸுக்கு அடியில், கால் வைக்கும் இடத்தில் குனிந்து மேலே பார்த்தால்தான் தெரியும். இன்னும் சிலவற்றில் பானெட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே உள்ள கறுப்பு பிளாஸ்டிக் மூடியை எடுக்க வேண்டும். உங்கள் காரில் எங்கே என்பதைக் காருடன் வந்த கையேடு சொல்லும். அலமாரியில் தூங்கும் அந்தப் புத்தகத்தை முதலில் எடுங்கள்.

2. ஃபில்டர் வாங்குவதற்கு முன், உங்கள் காரில் ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த அடிப்படை மாடல்கள் சிலவற்றில் ஃபில்டர் வைக்கும் இடம் மட்டும் இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. கார் வாங்கிய நாளிலிருந்து சாலைத் தூசி நேராக ஏ.சி. கூலிங் காயில் மீது படிந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட காரில் மூடியைக் கழற்றி ஒரு ஃபில்டரைச் செருகினாலே போதும். சில பழைய மாடல்களில் மூடிக்குப் பதிலாக பிளாஸ்டிக் சுவர் இருக்கும்; அதை வெட்டித்தான் வழி செய்ய வேண்டும். அதை நீங்களே செய்ய வேண்டாம். பிளேடு சற்று ஆழமாக இறங்கினால் உள்ளே ஃபேனில் படும்.

3. ஃபில்டர் அடைத்துவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஃபேனை நான்காவது நிலையில் வைத்தாலும் இரைச்சல் மட்டும் பெரிதாக இருந்து காற்று மெலிதாக வரும். முன்பு இரண்டில் வைத்தாலே போதும் என்றிருந்த காரில் இப்போது எப்போதும் மூன்றில் வைப்பார்கள். ஏ.சி. போட்டதும் ஈரச் சாக்கு வாடை வரும். மழை நாளில் முன் கண்ணாடியில் படியும் பனி லேசில் விலகாது. கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். கண்ணாடிக்குப் போதிய காற்று வராவிட்டால் எதிரே வருவது தெரியாது. ஃபில்டர் மாற்றுவது அந்த வகையில் விபத்தைத் தவிர்க்கும் வேலையும்கூட.

4. ஏ.சி. சரியாகக் குளிரவில்லை என்றதும் ‘கேஸ் அடிக்க வேண்டும்’ என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஏ.சி.க்குள் இருக்கும் கேஸ், பழைய கார்களில் பெரும்பாலும் ஆர்-134ஏ, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்வதில்லை. எங்காவது கசிந்தால்தான் குறையும். ஆனால் ஃபில்டர் அடைத்திருந்தாலும் வெளியில் தெரிவது அதே குறைதான்: குளிர் போதவில்லை. அடைப்பு முற்றினால், போதிய காற்று படாத கூலிங் காயிலில் ஐஸ் கட்டும். நீண்ட பயணத்தில் முதல் ஒரு மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே நின்றுபோய், வண்டியை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடி சரியாகிவிடும். இப்படி நடந்தால் முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். சில நூறு ரூபாயில் முடிய வேண்டியது சில ஆயிரத்துக்குப் போகாமல் இருக்கும். கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால், கசிவு எங்கே என்று கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் அடிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

5. எப்போது மாற்றுவது? 10,000 முதல் 20,000 கி.மீ. ஓடியதும், அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முன்னால் வருகிறதோ அப்போது என்பது பொதுவான கணக்கு. கார் அதிகம் ஓடவில்லை என்று தள்ளிப்போட வேண்டாம். ஓடாமல் நிற்கும் காரிலும் ஃபில்டரில் படிந்த இலையும் ஈரமும் பூஞ்சை பிடிக்கும். கல்குவாரிப் பக்கம், செங்கல் சூளைப் பக்கம், எம்-சாண்ட் லாரிகள் ஓடும் சாலையோரம், பஞ்சு பறக்கும் மில் பகுதி, மேம்பால வேலை நடக்கும் தெரு, இந்த இடங்களில் தினமும் போய் வருபவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது.

6. தமிழ்நாட்டு வானிலைக்கு நான் சொல்லும் மாதம் தை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையின் ஈரம், தீபாவளிப் புகை, போகிப் புகை மூன்றையும் பழைய ஃபில்டர் வாங்கிக்கொண்டிருக்கும். பொங்கல் கழிந்து அதை எடுத்துப் போட்டுப் புதியதை வைத்தால், ஏ.சி. இடைவிடாமல் ஓடும் பங்குனி, சித்திரைக்குக் கார் தயாராகிவிடும். காவிரி டெல்டாவில் இருப்பவர்கள் இன்னும் சற்றுப் பொறுக்கலாம். சம்பா அறுவடை முடிந்து, சாலையில் நெல் காயவைப்பதும் வைக்கோல் ஏற்றுவதும் ஓய்ந்த பிறகு, மாசியில் மாற்றினால் புது ஃபில்டர் பதரும் தூசியுமாகப் பாழாகாது.

7. கடையில் ‘ஏர் ஃபில்டர்’ என்று கேட்டால் இன்ஜின் ஃபில்டரைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ‘ஏ.சி. ஃபில்டர்’ என்று கேளுங்கள். காரின் பெயரும் ஆண்டும் மட்டும் போதாது. ஒரே பெயரில் வந்த பழைய மாடலுக்கும் புது மாடலுக்கும் அளவு வேறாக இருக்கும். பழைய ஃபில்டரின் விளிம்பில் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் குழப்பம் வராது. சென்னையில் ஜி.பி. ரோடு போன்ற இடங்களில் ஒரே காருக்குப் பல நிறுவனங்களின் ஃபில்டர் கிடைக்கும். சிறிய ஊர்களில் கார் நிறுவனத்தின் உதிரிபாகக் கடையே நம்பகமானது.

8. வெள்ளை ஃபில்டரா, கறுப்பு ஃபில்டரா? வெள்ளையாக இருப்பது செயற்கை இழையால் ஆன சாதாரணத் தூசி ஃபில்டர். மகரந்தம், மண் தூசி, பஞ்சு, பூச்சி எல்லாவற்றையும் நன்றாகத் தடுக்கும். சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில் இருப்பதில் கரித்தூள் அடுக்கு சேர்த்திருப்பார்கள். இது சாக்கடை வாடை, லாரிப் புகை வாடை, ஓரளவு சில வாயுக்களையும் உறிஞ்சும். விலை ஏறக்குறைய இரு மடங்கு வரும். நகரத்தில், சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஓட்டுபவர்களுக்குக் கறுப்பு ஃபில்டருக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. கிராமத்திலும் சிற்றூரிலும் ஓட்டுபவர்கள் வெள்ளை ஃபில்டரையே வாங்கி, அதை ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றுவது மேல் என்பது என் கருத்து. கரித்தூளின் உறிஞ்சும் திறனுக்கு ஓர் அளவு உண்டு. அது நிறைந்த பிறகு கறுப்பு ஃபில்டரும் வெறும் தூசி ஃபில்டர்தான்.

9. பி.எம். 2.5 என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள நுண்துகள். மனிதத் தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், அதில் இருபதில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். மூக்கு முடியும் தொண்டையும் இதைத் தடுப்பதில்லை. நுரையீரலின் அடி வரை போய்விடும். 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வரையறுத்தது. இந்தியாவில் 2009-ல் வகுத்த அளவு 60 மைக்ரோகிராம். சாதாரண வெள்ளை ஃபில்டர் இந்த நுண்துகளில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், நுண்துகளுக்கென்றே நெருக்கமான இழையில் செய்த ஃபில்டர் உங்கள் காருக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். குழந்தைகள் தங்கள் உடல் எடைக்குப் பெரியவர்களைவிட அதிகக் காற்றைச் சுவாசிப்பவர்கள் என்பதையும் நினைவில் வைத்து முடிவு செய்யுங்கள்.

10. வேலையைத் தொடங்கும் முன் இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் சாவியைத் தள்ளி வையுங்கள். கிளவ் பாக்ஸைக் காலி செய்து பொருட்களை ஒரு பையில் போடுங்கள். இடதுபக்க இருக்கையைப் பின்னால் தள்ளிவிட்டுத் தரையில் பழைய துணி விரியுங்கள். டார்ச் ஒன்று, ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, முகக்கவசம், ஒரு குப்பைப் பை, இவ்வளவுதான் தேவை. தூசி ஒவ்வாமை இருப்பவர் இந்த வேலையில் இறங்க வேண்டாம்; வேறொருவர் செய்யட்டும்.

11. கிளவ் பாக்ஸைக் கழற்றுவதுதான் புதியவர்களுக்குப் பயம் தரும் கட்டம். ஸ்விஃப்ட் போன்ற மாருதி கார்களில் பெட்டியைத் திறந்து, அதன் இரண்டு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்திக்கொண்டே உங்கள் பக்கம் இழுத்தால் பெட்டி முழுதாகக் கீழே சாயும். ஹூண்டாய் கார்கள் பலவற்றில் பெட்டியின் உள்ளே இருபுறமும் தடுப்பான்கள் இருக்கும். அவற்றைக் கழற்றினால் பெட்டி இறங்கும். சில கார்களில் பெட்டி மெதுவாகத் திறப்பதற்காக ஒரு பக்கம் சிறு கம்பியோ நூலோ மாட்டியிருக்கும். அதை முதலில் கொக்கியிலிருந்து விடுவியுங்கள். மறந்து இழுத்தால் அறுந்துவிடும். ஸ்க்ரூ போட்ட பெட்டியானால் கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். எந்த இடத்திலும் பலத்தைக் காட்ட வேண்டாம். பிளாஸ்டிக் வரவில்லை என்றால் எங்கோ இன்னொரு கொக்கி பிடித்திருக்கிறது என்று பொருள். டார்ச் அடித்துத் தேடுங்கள். காலை வெயிலில் அரை மணி நேரம் நின்ற காரில் பிளாஸ்டிக் சற்று இளகியிருக்கும், கொக்கி உடையும் வாய்ப்பு குறைவு.

12. கிளவ் பாக்ஸுக்கு மேலேதான் பக்கத்து இருக்கைக்கான ஏர்பேக் இருக்கிறது. ஏர்பேக் ஒயரும் அதன் இணைப்புகளும் பொதுவாக மஞ்சள் நிறத்தில் இருக்கும். மஞ்சளைக் கண்டால் தொடாதீர்கள், கழற்றாதீர்கள். ஃபில்டர் மாற்ற அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

13. பெட்டி இறங்கியதும் எதிரே நீளமான கறுப்பு மூடி தெரியும். ஓரத்துக் கொக்கியை அழுத்தினால் கழன்று வரும். இப்போது ஃபில்டரை வெளியே இழுக்க வேண்டாம். முதலில் அது இருக்கும் நிலையை, அதன் விளிம்பில் உள்ள அம்புக்குறி தெரியும்படி ஒரு படம் எடுங்கள். பிறகு, மட்டமாகப் பிடித்து மெல்ல இழுங்கள். மேல்பக்கம் நிறைய இலையும் மண்ணும் இருக்கும்; சாய்த்தால் எல்லாம் ஃபேனுக்குள் கொட்டிவிடும். பல கார்களில் ஃபேன் சரியாக ஃபில்டருக்குக் கீழேதான் இருக்கிறது. சில கார்களில் ஃபில்டர் இரண்டு துண்டாக இருக்கும், ஒன்றை எடுத்ததும் உள்ளே கையை விட்டு இன்னொன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

14. அம்புக்குறியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தவறு அதிகம் நடப்பது இங்கேதான். அம்புக்கு அருகில் ‘ஏர் ஃப்ளோ’ என்று எழுதியிருந்தால் அது காற்று ஓடும் திசை. ‘அப்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும், காற்றின் திசையோடு அதற்குத் தொடர்பில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டால் ஃபில்டர் தலைகீழாகிவிடும். படுக்கை வாட்டில் செருகும் ஃபில்டர், ஃபேனுக்கு மேலே இருந்தால், காற்று மேலிருந்து கீழே இறங்கும். ஏர் ஃப்ளோ அம்பு கீழ்நோக்கி இருக்க வேண்டும். நிமிர்த்திச் செருகும் வகையில் அம்பு பக்கவாட்டில் போகும். அங்கே நீங்கள் எடுத்த படமும் கையேடும்தான் துணை. பழையதையே யாரோ தப்பாகப் போட்டிருக்கவும் கூடும். அதற்கு ஒரு வழி: பழைய ஃபில்டரில் எந்தப் பக்கம் அழுக்கு அதிகமோ அந்தப் பக்கம்தான் காற்று உள்ளே வருகிறது. அழுக்குப் பக்கத்திலிருந்து சுத்தமான பக்கத்தை நோக்கி ஏர் ஃப்ளோ அம்பு போக வேண்டும்.

15. ஃபில்டர் இருந்த பள்ளத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். புங்க இலை, வேப்பம்பூ, புளிய இலை, இறந்த பூச்சி எல்லாம் இருக்கும். வாக்வம் கிளீனரின் மெல்லிய மூக்கை வைத்து உறிஞ்சுங்கள். இல்லையென்றால் சற்றே ஈரமான துணியால் ஒற்றி எடுங்கள். ஊதவோ பெருக்கவோ வேண்டாம். தூசி கீழே ஃபேனுக்குத்தான் போகும்.

16. எலிப் புழுக்கையோ, கடித்துப்போட்ட பஞ்சோ, காகிதத் துண்டுகளோ கண்ணில் பட்டால் அங்கேயே கையை நிறுத்துங்கள். எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சல் விளையாட்டு நோய் இல்லை. ரப்பர் கையுறை போட்டு, முகக்கவசத்தை இறுக்கிக் கட்டி, பழைய ஃபில்டரை உதறாமல் நேராகப் பைக்குள் போட்டு முடிச்சிடுங்கள். எச்சம் கிடந்த பிளாஸ்டிக்கைக் கிருமிநாசினி கலந்த நீரில் நனைத்த துணியால் ஈரப்படுத்திச் சில நிமிடம் விட்டு, பிறகு துடைத்து எடுங்கள். ஒயர்மீது நீர் படக் கூடாது. ஒயர் கடிபட்டிருந்தால் மெக்கானிக்கிடம் காட்டாமல் வண்டியைக் கிளப்ப வேண்டாம். இனி எலி வராமல் இருக்க, காரை நிறுத்தும்போது காற்றுப் பட்டனை உள்காற்று நிலையில் விட்டு இறங்குங்கள். வெளிக்காற்றுக் கதவு மூடியிருக்கும், வைப்பர் பக்கம் நுழைந்த எலி ஃபில்டர் வரை வருவது கடினமாகும்.

17. எலிக்கும் வாடைக்கும் பயந்து பாச்சை உருண்டையைக் காருக்குள்ளோ ஃபில்டர் அருகிலோ வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதில் நாஃப்தலீன் இருந்தால், ஜி6பி.டி. என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களை அந்த ஆவி உடைக்கும். குறைபாடு இருப்பது பல பெற்றோருக்குத் தெரிவதே இல்லை. மூடிய காரில், ஏ.சி. காற்றோடு சேர்த்து அதைக் குழந்தையின் முகத்தில் ஊதுவது எவ்வளவு ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள்.

18. புது ஃபில்டரைச் செருகும்போது மடிப்புகள் நசுங்காமல், ஓரத்தை மட்டும் பிடித்து உள்ளே தள்ளுங்கள். முழுதாகப் போய் உட்கார்ந்த பிறகு நான்கு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் காற்று அந்தச் சந்து வழியாகத்தான் போகும். ஃபில்டர் வைத்தும் பயன் இல்லை. விலை மலிவு என்று வாங்கிய ஃபில்டர் ஓரத்தில் தளர்வாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டேப் ஒட்டிச் சமாளிப்பது, ஸ்பாஞ்சை வெட்டி வைப்பது, பழைய துப்பட்டாவை மடித்து வைப்பது எல்லாம் வேண்டாம். துணி கிழிந்து ஃபேனில் சுற்றிக்கொண்டால் மோட்டார் போய்விடும்.

19. மூடியைப் போடும்போது ‘க்ளிக்’ சத்தம் கேட்க வேண்டும். கிளவ் பாக்ஸை மாட்டும் முன்னாலேயே இன்ஜினை ஓடவிட்டு, ஃபேனை ஒன்றிலிருந்து கடைசி நிலை வரை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள். விசில் போல ஒலி வந்தால் மூடி சரியாக உட்காரவில்லை. படபடவென்று அடித்தால் ஃபேனுக்குள் இலை விழுந்திருக்கிறது; இன்ஜினை அணைத்து, ஃபில்டரைத் திரும்ப எடுத்து, அந்த இலையை வெளியே எடுங்கள். சத்தம் இல்லை என்றால் பெட்டியை மாட்டிவிடலாம்.

20. புது ஃபில்டரின் விளிம்பில் மாற்றிய தேதியையும் கி.மீ.யையும் மார்க்கரில் எழுதிவிடுங்கள். சர்வீஸுக்கு விட்ட காரில் ஃபில்டரை உண்மையிலேயே மாற்றினார்களா, பில்லில் மட்டும் எழுதினார்களா என்பதை அடுத்த முறை நீங்களே திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

21. ஃபில்டரைக் கழுவலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கூடாது. இந்த இழைகளில் பலவற்றுக்கு நிலைமின்னூட்டம் கொடுத்திருப்பார்கள்; கண்ணுக்குத் தெரியாத தூசியை அதுதான் ஈர்த்துப் பிடிக்கிறது. சோப்பும் தண்ணீரும் பட்டால் அந்த ஈர்ப்பு போய்விடும். பார்க்க வெள்ளையாக இருக்கும், வேலை செய்யாது. ஏர் கம்ப்ரசரில் ஊதினாலும் இழை பிரிந்து துளை விழும். புது ஃபில்டர் வாங்க இரண்டு நாள் ஆகும் என்றால் அதுவரைக்கும் பழையதை வெளியே கொண்டுபோய், அழுக்குப் பக்கம் கீழே இருக்கும்படி மெல்லத் தட்டிவிட்டுத் திரும்பப் போடலாம். கழுவிப் பயன்படுத்தலாம் என்று பெட்டியிலேயே அச்சிட்டு விற்கும் தனி வகை மட்டும் விதிவிலக்கு.

22. புது ஃபில்டர் போட்டும் வாடை போகவில்லை என்றால் காரணம் கூலிங் காயில். ஏ.சி. ஓடும்போது அதன் மேல் நீர்த்துளி நிற்கும். வண்டியை நிறுத்தியதும் இருட்டும் ஈரமும் வெதுவெதுப்புமாகச் சேர்ந்து பூஞ்சை வளரும். இதற்குச் செலவில்லாத மருந்து உண்டு. வீடு வந்து சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போதே ஏ.சி. பட்டனை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். காயில் காய்ந்துவிடும். இதைப் பழக்கமாக்கிக்கொண்ட காரில் சில வாரங்களிலேயே வித்தியாசம் தெரியும். சென்ட், சானிடைசர், தைலம் எதையும் ஃபில்டர் மேல் தெளிக்காதீர்கள்; ஆவியாக மூக்குக்குத்தான் வரும்.

23. ஏ.சி. ஓடும் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது நல்ல அறிகுறி. சொட்டாமல், இடதுபக்கக் கால் மிதியடி நனைந்திருந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. அந்த ஈரம் ஃபில்டரையும் கெடுக்கும். மெக்கானிக்கிடம் குழாயைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், சிறிய வேலைதான்.

24. வைப்பருக்குக் கீழே உள்ள கறுப்பு ஜாலி வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே வருகிறது. வேம்பு, புங்கன், வாகை, புளி நிழலில் நிறுத்துபவர்கள் கார் துடைக்கும்போது அந்த ஜாலியில் கிடக்கும் சருகையும் பூவையும் கையால் அள்ளிவிடுங்கள். புளிய இலை ஜாலியின் ஓட்டையிலேயே நுழைந்துவிடும் அளவு சிறியது. நிழல் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரம் ஒருமுறை அள்ளினால் ஃபில்டர் இன்னும் சில மாதம் கூடுதலாக உழைக்கும்.

25. புகை கக்கும் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் உள்காற்றுப் பட்டனைப் போடுங்கள். கார் படத்துக்குள் வளைந்த அம்பு போட்டிருப்பது அது. கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் ஃபில்டர் உள்ள பெரும்பாலான கார்களில் உள்காற்றும் ஃபில்டர் வழியாகவே சுற்றுவதால், சில நிமிடங்களில் காற்று இன்னும் சுத்தமாகும். ஆனால் நான்கைந்து பேர் உட்கார்ந்து உள்காற்றிலேயே நெடுந்தூரம் போனால் கரியமில வாயு கூடி, ஓட்டுநருக்கு அசதியும் தூக்கமும் வரும். அரை மணிக்கு ஒருமுறை சில நிமிடம் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள்.

26. எவ்வளவு விலை உயர்ந்த ஃபில்டராலும் கார்பன் மோனாக்சைடைத் தடுக்க முடியாது. கறுப்பு ஃபில்டரும் தடுக்காது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கித் தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். ஆகவே மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள். நிறுத்திய காரில் இன்ஜினும் ஏ.சி.யும் ஓட, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்காதீர்கள். வாடகை வண்டி ஓட்டும் தம்பிகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் இதை அவசியம் சொல்லுங்கள். காருக்குள் சைலன்சர் புகை வாடை வந்தால் ஃபில்டரை மாற்றிச் சமாளிக்க நினைக்காமல், ஜன்னலை இறக்கிக்கொண்டு நேராக மெக்கானிக்கிடம் போங்கள்.

27. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் டேஷ்போர்டு வரை மூழ்கின. அப்படி நீர் ஏறிய காரில் ஃபில்டரைக் காயவைத்துப் போடக் கூடாது. சாக்கடை கலந்த வெள்ளம் அது. ஃபில்டரை எறிந்துவிட்டு, ஃபேன் மோட்டாரையும் காற்றுக் குழாய்களையும் சுத்தம் செய்து கொடுக்கும்படி பணிமனையில் தனியாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இருக்கை, தரை விரிப்போடு நின்றுவிடும்.

28. கழற்றிய ஃபில்டரைச் செய்தித்தாளில் சுற்றி, பையில் கட்டி, மக்காத குப்பையில் சேருங்கள். பார்க்கக் காகிதம் போல இருந்தாலும் அது பிளாஸ்டிக் இழை; போகித் தீயிலோ சருகுக் குவியலிலோ போட்டுக் கொளுத்த வேண்டாம். முடிந்ததும் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.